நாலாவது கிட்டார்

"என் பொண்டாட்டிக்கு எத்தனை கை?" என்று கேட்டார் மருந்துக்கடைக்காரர்.

கேள்வி கேட்பது எங்கள் பிழைப்பு. அதையும் கட்சிக்காரரே எடுத்துக்கொண்டால் நாங்கள் எங்கே போவது? நான் திரும்பி மேடத்தைப் பார்த்தேன். மேடம் கடையின் உள்ளறையில் இருந்த ஒரே நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, சுவரில் ஒட்டியிருந்த இருமல் மருந்து விளம்பரத்தை வரி விடாமல் படித்துக்கொண்டிருந்தார். ஊரில் நல்ல துப்பறிவாளர் என்று பெயரெடுத்தவர் அவர். அவருக்கு உதவியாளன் என்று பெயரெடுக்காதவன் நான். என் உயரத்தையும் உடம்பையும் பார்த்துவிட்டு அவர் எனக்கு வைத்த பெயர் ஒட்டடை. வேலைக்குச் சேர்ந்த அன்றே வைத்தார்.

"ரெண்டு கைன்னு நினைக்கிறோம் சார்," என்றேன். "கட்டிக்கிட்டவர் நீங்க, நீங்கதான் சொல்லணும்."

"ரெண்டுதான். அப்புறம் எப்படி நாலு கிட்டார் கேக்குது?"

போனையும் அதில் செருகியிருந்த இயர்போனையும் நீட்டினார். ஆளுக்கு ஒரு காதாக மேடமும் நானும் மாட்டிக்கொண்டோம். பெண் குரல். அலட்டல் இல்லாத, நல்ல குரல். எனக்குக் கிடைத்த காதில் ஒரு கிட்டார் ஓடியது. மேடத்தின் காதுக்கு மாற்றிப் பார்த்தேன். அங்கேயும் ஒன்று, கிட்டத்தட்ட அதே மாதிரி, ஆனால் அதே இல்லை. இரண்டுக்கும் மேலே மெல்லிசாக ஒன்று மினுக்கியது. எல்லாவற்றுக்கும் அடியில் கனமாக இன்னொன்று நடந்து வந்தது.

"மாடியில இருக்கற பல் கிளினிக் அவளோடதுதான்," என்றார் கடைக்காரர். "காலையில பல்லு புடுங்குவா. மத்தியானம் வீட்டுக்குப் போயிடுவா. நான் இங்க கிடப்பேன். சாயங்காலம் போனா புதுசா பாட்டு ஒண்ணு ரெடியா இருக்கும். யாரு வாசிச்சதுன்னு கேட்டா, 'வேற யாரு, நான்தான்'னு சிரிப்பா. அந்தச் சிரிப்புதான் மேடம் எனக்குப் புடிக்கல."

பேசிக்கொண்டே ஒரு தட்டில் மாத்திரைகளைக் கொட்டி, சின்னக் கத்தியால் ஜோடி ஜோடியாக எண்ணித் தள்ளிக்கொண்டிருந்தார். கோபத்தில் இரண்டு மாத்திரை எகிறிக் கீழே விழுந்தன. எல்லாவற்றையும் திரும்பக் கொட்டி முதலிலிருந்து தள்ள ஆரம்பித்தார்.

"யார் மேல சந்தேகம்?" என்று மேடம் முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"குடுமி."

"குடுமியா?"

"கிட்டார் கடை வச்சிருக்கானே, தலைமுடிய பின்னாடி கட்டிக்கிட்டு! அவன்தான் இவளுக்குக் கிட்டார் வித்தான், மைக் வித்தான். மைக் மாட்டித் தரேன்னு வீட்டுக்கு வந்தான். ஒரு மைக் மாட்ட ஒரு மத்தியானம் முழுசா ஆகுமா மேடம்? பல் செட்டே அதவிட சீக்கிரம் மாட்டிடுவா இவ!"

அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. சரியாகத் தூங்காத கண். ஷேவ் செய்யாத முகம். பொறாமை வந்தவன் சாப்பாட்டைத்தான் முதலில் விடுவான் போலிருக்கிறது, பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை.

"அந்தக் கட்டைப் பெட்டிய மடியில வச்சுக்கிட்டு அவ கண்ணை மூடிக்கிறா மேடம். என்னைப் பாத்து அவ கண்ணை மூடினது எப்போன்னு எனக்கு ஞாபகமே இல்ல."

"உங்களைப் பாத்துக் கண்ண மூடினா அது நல்லதா கெட்டதா சார்?" என்றேன். மேடம் என் காலை மிதித்தார்.

கடைக்காரர் மேஜை டிராயரிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். மனைவியின் கம்ப்யூட்டரில் அந்தப் பாட்டு இருந்த ஃபோல்டரை அப்படியே எடுத்து வந்திருக்கிறார். குரல் தனி, நாலு கிட்டாரும் தனித்தனி. ஐந்து துண்டு.

"நீங்க கேட்டுப் பாத்தீங்களா?"

"இல்ல." கத்தி நின்றது. "திறந்தா எவன் குரல் கேக்குமோன்னு பயமா இருந்துது."

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க," என்று மேடம் எழுந்தார்.

"அதுவரைக்கும்தான் பொறுப்பேன். சாயங்காலம் அவ அண்ணனுக்குப் போன் பண்ணி, வந்து உங்க தங்கச்சியைக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிடப் போறேன். முடிவு பண்ணிட்டேன். இப்படி ஒவ்வொரு பாட்டா கேட்டுக் கேட்டுச் சாக என்னால முடியாது."

சும்மா மிரட்டுகிறவர்கள் சத்தமாகச் சொல்வார்கள். இவர் மாத்திரைத் தட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். செய்துவிடுவார் என்று தோன்றியது.

குடுமியின் கடைக்குள் நுழைந்ததுமே எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

காரணம் கேட்டால் சொல்லத் தயார். அவன் என்னைவிட அழகு. அதுகூடப் பரவாயில்லை, ஊரில் பாதிப் பேர் என்னைவிட அழகுதான். ஆனால் மேடத்தைப் பார்த்ததும், "வாங்க மேடம், கிட்டார் வேணுமா, இல்ல கிட்டார் வாங்கினவர்கிட்டேருந்து விடுதலை வேணுமா?" என்றான். மேடம் சிரித்தார். பல் தெரியச் சிரித்தார்! அவரிடம் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நானும் ஜோக்காக அடித்துத் தள்ளுகிறேன், இதுவரை கிடைத்ததெல்லாம் "ஒட்டடை, கார் சாவி எங்க?" என்பதுதான்.

வயிறு எரிந்தது. மருந்துக்கடைக்காரரிடமிருந்து தொற்றிக்கொண்டு வந்துவிட்டது போலிருக்கிறது.

"ஒண்ணு வாசிச்சுக் காட்டுங்களேன்," என்றார் மேடம்.

குடுமி ஒரு கிட்டாரை எடுத்து மடியில் சாய்த்தான். வாசித்தான். என்னத்தைச் சொல்ல, பிரமாதமாக வாசித்தான். நடுவில் ஒரே ஒரு இடத்தில் விரல் லேசாக வழுக்கியது. எனக்குத் தெரியவே இல்லை. அவனோ நிறுத்திவிட்டு, "மன்னிச்சுக்கங்க மேடம்," என்று நெஞ்சில் கை வைத்து, அந்த இடத்தை மட்டும் திரும்ப வாசித்துச் சரி செய்த பிறகுதான் மேலே போனான்.

முடிந்ததும் மேடம் பென் டிரைவை எடுத்து அவன் முன்னால் வைத்தார்.

நான் அவசரமாக அவரை ஓரம் கட்டினேன். "மேடம், நம்ம சந்தேகமே இவன் மேலதான். சாட்சியக் கொண்டுபோய் இவன் கையிலயே குடுக்கறீங்களே!"

"நீ திறந்து பாத்துச் சொல்லேன், நாலு கிட்டார் எப்படி வந்துதுன்னு."

எனக்குக் கிட்டாரில் எந்தப் பக்கம் முன்பக்கம் என்பதே சந்தேகம். வாயை மூடிக்கொண்டேன்.

குடுமி கம்ப்யூட்டரில் ஐந்து துண்டுகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினான். "அட, நம்ம பல் டாக்டர் பாட்டு! நான் சொல்லிக் குடுத்த மாதிரியே செஞ்சிருக்காங்க. ஒரு ஆளே நாலு கிட்டார் வாசிக்கலாம் மேடம். ஒண்ணு வாசிச்சுப் பதிவு பண்ணிடணும். அப்புறம் ஹெட்போன் மாட்டிக்கிட்டு, அதைக் கேட்டுக்கிட்டே அதையே ரெண்டாவது தடவை வாசிக்கணும். ஒண்ண இடது காதுக்கும் ஒண்ண வலது காதுக்கும் தள்ளிட்டா பாட்டு வீடு மாதிரி அகலமாயிடும்."

"அதையேதான் வாசிக்கறோம்னா, முதல்ல வாசிச்சதயே காப்பி எடுத்துப் போட்டா போதாதா?" என்றேன். அவனை மடக்கிவிட்ட திருப்தி எனக்கு.

"போதாது தம்பி. காப்பின்னா சத்தம்தான் கூடும், அகலம் வராது. ரெண்டு தடவை வாசிச்சாத்தான் ரெண்டுலயும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம்தான் அழகே."

தம்பியாம். என் வயதுதான் இருக்கும் அவனுக்கு.

இடது கிட்டாரைத் தனியாக ஓடவிட்டான். கிட்டாருக்குப் பின்னால், தூரத்தில், கொசு மாதிரி வேறொரு கிட்டார் கேட்டது.

"ஆள் இருக்கான்!" என்று துள்ளினேன்.

"ஆளில்ல. அவங்க மாட்டியிருக்கற ஹெட்போன்ல ஓடறது மைக்குல கசியுது. பக்கத்துல உக்காந்து ஒருத்தர் வாசிச்சா இப்படி மெல்லிசா இருக்காது, காதப் பொளக்கும்."

வலதிலும் அதே கசிவு. மேலே மினுக்கிய மூன்றாவதிலும் அதே கசிவு. இடதில் தூரத்தில் வாஷிங் மெஷின் சுற்றியது, வலதில் இல்லை. மூன்றாவதில் தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவே இல்லை. வேறு வேறு வேளை, ஒரே கை. கூட ஒருவரும் இல்லை. பல் டாக்டர் சொன்னது உண்மை.

"கேஸ் முடிஞ்சுது," என்றேன். குடுமியும் நிரபராதி என்பதுதான் கொஞ்சம் வருத்தம்.

"நாலாவதைப் போடுங்க," என்றார் மேடம்.

போட்டான். போட்டதும் குடுமியின் முகம் பாகற்காயைக் கடித்த மாதிரி ஆனது.

அது வாசிப்பே இல்லை. டங் என்று ஒன்று. அப்புறம் கை இடம் தேடுகிற மாதிரி ஒரு மௌனம். அப்புறம் அடுத்த டங். கசிவு கிடையாது, பின்னால் எந்தப் பாட்டும் ஓடவில்லை. கிட்டாருக்கு அடியில் யாரோ முணுமுணுப்பது மட்டும் புகைமூட்டமாகக் கேட்டது. ஆண் குரல்.

கடைசியில் ஒருவன் இருக்கத்தான் செய்கிறான்.

"இதுதான் மேடம் முதல்ல பதிவானது," என்றான் குடுமி. கிண்டல் எல்லாம் போய்விட்டது. "வழக்கமா முதல்ல டிக் டிக்னு ஒரு கணக்கு ஓடவிட்டு, அதுக்கு ஒத்துத்தான் எல்லாத்தயும் வாசிப்போம். இங்க டிக் டிக்கே கிடையாது. இந்த ஆள்தான் டிக் டிக். இவனுக்கு நேரா வாசிக்கவே தெரியல, கை மாத்தும்போதெல்லாம் லேட்டாகுது. பாருங்க, அவன் லேட்டாகற ஒவ்வொரு இடத்துலயும் டாக்டரோட மூணு கிட்டாரும் நின்னு காத்திருந்து, அவன் வந்த அப்புறம்தான் கூடச் சேருது. ஒரு இடம் விடல." திரையில் நாலாவது வரிசையை விரலால் தட்டினான். "எவனோ, குடுத்து வச்சவன். நான் இத்தனை வருஷம் வாசிச்சும் எனக்காக யாரும் இப்படிக் காத்திருந்ததில்ல."

குடுமிக்கும் பொறாமை! அந்த நிமிடம் மட்டும் அவனை எனக்குப் பிடித்திருந்தது.

மேடம் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். நாலாவது கிட்டாரை முழுசாகக் கேட்டார். பாதியில் அவர் உதடு அசைந்தது. கழற்றும்போது முகத்தில் ஒரு குறும்பு இருந்தது. எனக்கு எதுவும் சொல்லவில்லை.

காரில் ஏறியதும் நான் ஆரம்பித்தேன். "குடுமிதான் மேடம். சந்தேகம் வரக்கூடாதுன்னு வேணும்னே மோசமா வாசிச்சிருக்கான்."

"ஒரே ஒரு இடத்துல விரல் வழுக்கினதுக்கு அந்த ஆள் மன்னிப்புக் கேட்டான் ஒட்டடை. அப்படிப்பட்டவன் கழுத்துல கத்தி வச்சாலும் மோசமா வாசிக்க மாட்டான்."

"அப்ப யாரு?"

"அது குடுமியா இருக்கணும்னு நீ ஏன் இவ்வளவு ஆசைப்படறே?"

நான் வண்டியைக் கிளப்பினேன். அந்தக் கேள்விக்கு ரோட்டைப் பார்த்து ஓட்டுவதுதான் மரியாதையான பதில்.

கடைக்காரர் எங்களுக்காகக் காத்திருக்கவில்லை. கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் படியேறும்போதே அவர் குரல் கேட்டது. கதவு திறந்தே இருந்தது.

படுக்கையறைதான் ஸ்டுடியோ. திறந்து வைத்த துணி அலமாரிக்கு முன்னால் மைக். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க ஜன்னலில் இரண்டு போர்வைகள். கட்டிலின் ஓரத்தில் மடியில் கிட்டாரோடு உட்கார்ந்திருந்தார் பல் டாக்டர். குள்ளமாக, கண்ணாடி போட்டு, வாயைத் திற என்றால் யாரும் திறந்துவிடுகிற மாதிரி முகம். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது. எதிரே நின்ற கணவரின் கையில் போன், போனில் அண்ணன் நம்பர்.

"இப்போ சொல்லு, அவன் யாரு?"

"எவன் யாரு? என்னங்க ஆச்சு உங்களுக்கு?"

"போனைக் கீழ வைங்க சார்," என்றார் மேடம் வாசலிலிருந்து. "நாலாவது ஆளைப் பிடிச்சாச்சு."

இருவரும் திரும்பினார்கள். டாக்டர் எங்களைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார். "இவங்க யாரு?"

கணவர் மேடத்தை நெருங்கினார். "சொல்லுங்க மேடம்! குடுமிதானே?"

"மூணு கிட்டார் உங்க மனைவி தனியா வாசிச்சது. சந்தேகமே வேண்டாம். நாலாவது ஒரு ஆம்பளை. இந்த அறையில, இந்தக் கட்டில்ல உக்காந்துதான் வாசிச்சிருக்கான்."

"பாத்தியா!" என்று கடைக்காரர் வெடித்தார். "கட்டில்லயே! என் கட்டில்ல! எத்தனை நாளா நடக்குது இது? மூஞ்சியப் பாத்தா பூனை மாதிரி இருக்கே..." வாயில் வந்ததையெல்லாம் பொரிந்து தள்ளினார். இங்கே எழுதத் தகுந்தது இவ்வளவுதான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

மேடம் அவர் பேசி முடிக்கும்வரை விட்டார். பிறகு கம்ப்யூட்டருக்குப் போய், அதே பாட்டில் நாலாவது கிட்டாரை மட்டும் திறந்து, சத்தத்தை முழுசாக ஏற்றினார்.

டங்.

முணுமுணுப்பு இப்போது தெளிவாகக் கேட்டது. "ரெண்டு... நாலு... ஆறு... எட்டு..."

டங்.

"ரெண்டு... நாலு... ஆறு... எட்டு..."

"உலகத்துல பாட்டு வாசிக்கிற எல்லாரும் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னுதான் எண்ணுவாங்க," என்றார் மேடம். "மாத்திரை எண்ணற மாதிரி ஜோடி ஜோடியா எண்ணறது யாரு சார்?"

கடைக்காரரின் கையிலிருந்த போன் தாழ்ந்தது. பதிவு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் கிட்டார் நின்று, அவர் குரல், சந்தேகத்துக்கு இடமில்லாமல் அவர் குரலேதான், "போதும்மா, விரல் வலிக்குது, இதெல்லாம் எனக்கு வராது," என்றது. பின்னாலேயே ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அன்னிக்கு... மழையில கடை திறக்கல..." என்று கடைக்காரர் இழுத்தார். "நீ சொல்லிக் குடுத்தியே... அப்போ மைக் ஓடிட்டா இருந்துது?"

எனக்குச் சிரிப்பு தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. தன் மேலேயே பொறாமைப்பட்டு, தன்னையே பிடிக்க ஆள் வைத்த முதல் கட்சிக்காரர்! ஜோக் ஒன்று நாக்கு நுனியில் தயாராக நின்றது. பல் டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். ஜோக்கை விழுங்கினேன்.

"இவங்க துப்பறியறவங்களா?" என்று அவர் கேட்டார்.

கணவர் தலையாட்டினார்.

"மூணு நான் வாசிச்சேன். நாலாவது யாருன்னு நீங்களே கண்டுபிடிச்சுடுவீங்கன்னு நினைச்சேன். கேட்டதும் சிரிப்பீங்கன்னு நினைச்சேன்." குரல் உடையவில்லை. உடைந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது. "கண்டுபிடிக்க ஆள் வைப்பீங்கன்னு நினைக்கல."

"என் வாசிப்பு எனக்கே தெரியலம்மா... பாட்டுல அந்த எண்ணறது கேக்கல, கடைசியில பேசினதும் இல்ல, நல்லா இருந்துது, அதான் வேற எவனோன்னு..."

"நல்லா இல்ல. நான் நல்லாக்கினேன்."

அவர் எழுந்து கம்ப்யூட்டருக்குப் போனார். நாலாவது கிட்டாரின் வாயை அடைத்துவிட்டுப் பாட்டை ஓடவிட்டார்.

நான் கேட்ட பாட்டுகளில் அவ்வளவு சங்கடமான பாட்டு வேறு இல்லை. மூன்று கிட்டார் அழகாக வந்து, ஒரு இடத்தில் சட்டென்று நின்றன. யாருக்காகவோ காத்திருந்தன. யாரும் வரவில்லை. மேலே நடந்தன. அடுத்த திருப்பத்தில் மறுபடி நின்றன. மறுபடி யாரும் வரவில்லை. அந்த வெற்றிடம் ஒவ்வொன்றிலும் கடைக்காரர் தலை கொஞ்சம் கொஞ்சமாகக் கவிழ்ந்தது. பொறாமையில் ஆடிய மனிதர், தன் இடம் எது என்று தெரிந்துகொண்ட நிமிடத்தில் அந்த இடம் காலியாக இருந்தது. எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. கூடவே பொறாமையும் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"திரும்பப் போடும்மா அதை," என்றார் கடைக்காரர்.

டாக்டர் ஒரு பட்டனைத் தட்டினார். திரையில் அந்த வரிசையே காணாமல் போனது. வாயை அடைக்கவில்லை இந்த முறை, அழித்தே விட்டார்.

"ஐயோ! என்னம்மா பண்ணே?"

"அது மேல இருந்த பாசத்துல அந்தத் தப்பையெல்லாம் மூடி மூடி வாசிச்சேன். இனிமே அதைக் கேக்கும்போதெல்லாம் இப்போ நீங்க பேசினதுதான் எனக்குக் கேக்கும். வேண்டாம்."

மேடம் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கிளம்பலாம் என்று அர்த்தம். நாங்கள் வாசலுக்கு நகர்ந்தோம். கடைக்காரர் எங்களைப் பார்த்தார். எதையும் கண்டுபிடிக்கிற மேடத்திடம் அவருக்குக் கேட்க ஏதோ இருந்தது. மேடம் கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"உக்காருங்க," என்றார் பல் டாக்டர்.

எங்களை இல்லை, கணவரை. கிட்டாரை எடுத்து அவர் மடியில் வைத்தார். தன் கழுத்திலிருந்த ஹெட்போனைக் கழற்றி அவர் தலையில் மாட்டினார். ஒரு காதை மட்டும் விலக்கி, "போன தடவை நீங்க வாசிச்சீங்க, நான் காத்திருந்தேன். இந்தத் தடவை நான் வாசிச்சு வச்சிருக்கேன். நீங்க காத்திருந்து சேருங்க," என்றார்.

"எனக்கு வராதும்மா."

"தெரியும்."

"எத்தனை தடவை வாசிக்கணும்?"

"எனக்கு மனசு வர்ற வரைக்கும்."

அவர் கட்டை விரலைக் கம்பியில் வைத்தார். நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கும்போது முதல் டங் கேட்டது. எனக்கே தெரிந்தது, தப்பு.

"முதல்ல இருந்து," என்றார் பல் டாக்டர்.